மருமக்கள் பெயர் உண்டு, செய்த வேலை இல்லை

கொழும்பில் அச்சாகும் எந்தத் தமிழ் நாளிதழிலும் ஞாயிற்றுக்கிழமை மரண அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். பிறந்த ஊர், வசித்த இடம், காலஞ்சென்ற பெற்றோர், மனைவி, மக்கள், மருமக்கள், மைத்துனர், பேரப்பிள்ளைகள். யார் லண்டனில், யார் ரொறன்ரோவில் என்பதுவரை இருக்கும். கல்கிசை மலர்ச்சாலையில் பார்வைக்கு, பொரளை கனத்தையில் தகனம். இறந்தவர் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் பெயருக்கு முன்னால் 'டொக்டர்', பின்னால் பட்டங்கள். நாற்பது வருடம் அந்த மனிதர் தியேட்டரில் நின்று என்ன செய்தார் என்று ஒரு வரியும் இராது.

பத்திரிகை ஒன்றின் கருமபீடத்தில் இருந்து இந்த அறிவித்தல்களை வாங்கிப் பிழை திருத்தியவன் நான். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். பாரந்தூக்கியிலிருந்து நழுவிய ஒரு பொதி அவருடைய வலக்கையை நசித்தபோது, மணிக்கட்டோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியாஸ்பத்திரியில் ஒரு தமிழ் சேர்ஜன் இரவு முழுவதும் நின்று மூன்று விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த மூன்று விரல்களால் உழைத்துத்தான் அப்பா எங்களைப் படிப்பித்தார்.

அந்த டொக்டர் வெள்ளவத்தையில் காலமானபோது மகள் அறிவித்தலை எழுதிக்கொண்டு என்னிடமே வந்தார். வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "பிள்ளை, அப்பா ஆமி மருத்துவப் படையிலயும் இருந்தவர் எல்லோ? அதைப் போடேல்லையே?"

"வேண்டாம் ஐயா. எங்கட ஆக்கள் ஒரு மாதிரிப் பார்ப்பினம். மற்ற ஆக்களுக்கும் அது இப்ப ஒரு கணக்கில்லை."

அவர் சொன்னதில் பொய்யில்லை. தொண்டர் மருத்துவப் படையில் அதிகாரியாக இருந்த தந்தையின் சீருடைப் படம் 1983 ஜூலைக் கலவரம் வரை வீட்டு முன்விறாந்தையில் தொங்கியது. வீட்டைக் கொளுத்த வந்தவர்கள் படம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. குடும்பம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளோடு அகதிகளாய் இருந்தது. டொக்டர் அங்கேயும் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் படம் அலுமாரிக்குள் போய்விட்டது. போர் முடிந்து இத்தனை காலமாகியும் வெளியே வரவில்லை.

அந்த மகளின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் எடுத்த முடிவு பிழை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நாம் மறைக்க மறைக்க, இந்த நாட்டின் படைகளில் தமிழர் இருந்ததேயில்லை என்ற கதை இரண்டு பக்கமும் உறுதிப்படுகிறது. இலங்கை இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு. 1955 முதல் 1959 வரை பதவியில் இருந்த தமிழர், கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரிப் பழைய மாணவர். 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதி ராஜன் கதிர்காமர். இராணுவ மருத்துவ சேவைகளின் தலைமைக்கு வந்து மேஜர் ஜெனரலாக உயர்ந்தவர் டொக்டர் துரைராஜா. விளையாட்டு மருத்துவத்திலும் பெயர் பெற்றவர். 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் 1962இன் ஆட்சிக் கவிழ்ப்புச் சதிமுயற்சிக்குப் பின் வந்த சந்தேகமும் அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடின. மூடிய கதவைப் பற்றிப் பேசுவதற்காவது, அது ஒரு காலம் திறந்திருந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

சீருடையை விடுங்கள், கத்தி பிடித்த கையைப் பற்றியாவது எழுதி வைத்தோமா? பெரியாஸ்பத்திரியில் சேர்ஜனாகப் பேர் எடுத்து, சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாகவும் இருந்த டபிள்யூ. ஜி. றொக்வூட் 1909இல் இறந்தார். அடுத்த தலைமுறையில் அதே ஆஸ்பத்திரியில் எஸ். சி. போல் இருந்தார். சத்திரசிகிச்சையோடு நில்லாமல், ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இடைக்கால இலங்கையின் மேலாதிக்கம் பற்றி ஆராய்ந்து எழுதியவர். இன்றும் இலங்கை மருத்துவச் சங்கம் அவர் பெயரில் நினைவுப் பேருரை நடத்துகிறது. மகன் மில்ரோய் போல் 1936இல் இந்நாட்டின் முதலாவது சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார். லண்டனில் ஹன்ரேரியன் பேராசிரியர் என்ற கௌரவம் மூன்று முறை அவருக்குக் கிடைத்தது. ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் அப்படி. தொழிலைப் பிள்ளைக்குக் கையளித்த தகப்பன் அவர்.

இந்த மில்ரோய் போலின் வாழ்க்கைக் குறிப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? லண்டனில். அங்குள்ள ரோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரி, தன் எஃப்.ஆர்.சி.எஸ். அங்கத்தவர் இறந்தால் அவருடைய வாழ்க்கையை எழுதி வைக்கிறது. விக்ரர் பிளார் என்ற நூலகர் தொடங்கிய வேலை. 1930இல் முதலில் நூலாக வந்தது, இன்றுவரை தொடர்கிறது. எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், எந்தப் போரில் எந்தப் படைப்பிரிவோடு இருந்தார், எந்தச் சிகிச்சையில் கெட்டிக்காரர், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும். எஃப்.ஆர்.சி.எஸ். எடுத்த நம் ஆட்களைப் பற்றி அந்நியர் எழுதி வைத்ததை, அவர்களிடம் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு உயிர் பிழைத்த நாம் எழுதவில்லை.

எழுத வழி இல்லாதவர்களும் அல்ல நாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவு மலரை அச்சடிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தாரிடம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும், பிள்ளைகள் புலம்பல் இருக்கும். அதே மலரில் இரண்டு பக்கத்தை அந்த மனிதரின் வேலைக்கு ஒதுக்கினால் போதும். அவரோடு நின்ற தியேட்டர் தாதியைத் தேடிப் பிடியுங்கள். பயிற்சி பெற்ற இளைய டொக்டரிடம் கேளுங்கள். எந்த ஆண்டு எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், என்ன சிகிச்சையில் பேர் எடுத்தார், படையில் என்ன பதவி வகித்தார் என்று ஆண்டுகளோடு எழுதுங்கள். ஒரு நோயாளியின் கதையாவது அதில் வரட்டும். பத்திரிகை அறிவித்தலுக்கு இடத்தின் அளவுக்குக் காசு என்பது எனக்குத் தெரியும். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் நாலு வரிக்கு இடம் கிடைக்கும்.

வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 2005 முதல் நம் ஏடுகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் சேமிக்கிறது. உங்கள் வீட்டு டொக்டரின் மலரில் ஒவ்வொரு பிரதியை இந்த இரண்டு இடத்துக்கும் கொடுங்கள். அலுமாரிக்குள் சீருடைப் படம் இருந்தால் அதையும் முதற்பக்கத்தில் போடுங்கள்.