இன்னும் ரெண்டு படி

போன மாதம் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஓடைப்பட்டிக்குப் போயிருந்தேன். மேனேஜரிடம் சொன்ன காரணம் வேறு. அதை இங்கே எழுதுவதற்கில்லை. அவரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்.

ஓடைப்பட்டி தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். மேகமலையின் காலடியில் திராட்சைப் பந்தல். கொட்டை இல்லாத திராட்சைக்குப் பேர் போன ஊர். அங்கே என் பெரியப்பாவுக்கு ஒரு சின்னத் தோட்டம். மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். 1969-இல் சேர்ந்தார், 1971 யுத்தம் பார்த்தார். அவரிடம் பேச வேண்டுமென்றால் வலது பக்கம் போய் உட்கார வேண்டும். இடது காது சுத்தம். துப்பாக்கியை வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் வாயைப் பார்த்து இருக்கும், சத்தமெல்லாம் அதற்குத்தான். அந்தக் காலத்தில் காதில் பஞ்சு வைத்தவனையே கேலி பண்ணுவார்களாம்.

சாப்பிட்டு முடித்து சும்மா இருக்காமல் செல்போனில் ஒரு வீடியோ காட்டினேன். அமெரிக்காவில் ஒரு ஆசாமி, தொப்பையும் தொப்பியுமாக, தன் வீட்டுக் கொல்லையில் நின்று பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றைச் சுட்டுச் சரி பண்ணிக் கொண்டிருந்தார்.

பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "டே, இது நம்ம எஸ்.எல்.ஆர்.டா!"

"ஆரம்பிச்சாச்சா அந்தக் கருமத்த?" என்று உள்ளேயிருந்து பெரியம்மா குரல்.

எஸ்.எல்.ஆர். என்றால் செல்ஃப் லோடிங் ரைஃபிள். ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக் கொள்ளும். 7.62 மில்லிமீட்டர், மேகஸினில் 20 தோட்டா. மூலப் பாட்டன் பெல்ஜியம்காரன். எஃப்.என். கம்பெனியில் சேவ் என்கிற நிபுணர் உருவாக்கிய எஃப்.ஏ.எல். தொண்ணூறு நாடுகளுக்கு மேல் தோளில் சுமந்த சாமான் அது. 1982 ஃபாக்லாண்ட் சண்டையில் பிரிட்டிஷ்காரன், அர்ஜென்டினாக்காரன் இருவர் கையிலும் இதே குடும்பத்துத் துப்பாக்கிதான். பங்காளிச் சண்டை மாதிரி.

நமக்கு இது வந்த கதை கொஞ்சம் வயிற்றெரிச்சல். 1962-இல் சீனாக்காரனோடு மோதிய போது நம் ஜவான்கள் கையில் இருந்தது பாயிண்ட் 303. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். பனியில் விறைத்த விரலை வைத்துக் கொண்டு அதைச் செய்து பாருங்கள். அதற்கப்புறம்தான் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் எஸ்.எல்.ஆர். மளமளவென்று தயாரானது. பெல்ஜியம் கம்பெனியின் லைசென்ஸ் இல்லாமலே ஆரம்பித்துவிட்டோம். அவர்கள் முறைத்துக் கொண்டு வந்த பிறகு பேசித் தீர்த்தோம். கொஞ்சம் மில்லிமீட்டர் அளவு, கொஞ்சம் அங்குல அளவு என்று கலந்து கட்டிச் செய்ததால் நம் துப்பாக்கியின் பாகங்கள் அண்ணன் தம்பி துப்பாக்கிகளுக்கே சரியாகப் பொருந்தாது. 1971-இல் பெரியப்பா கையில் இருந்தது அதுதான்.

வீடியோவில் அமெரிக்கர் குழலுக்கு மேலே ஒரு வளையத்தைத் திருகிக் கொண்டிருந்தார். "என்ன பெரியப்பா பண்றான்?"

"கேஸ் வைக்கிறான்."

குண்டு குழலில் ஓடும்போது அதன் பின்னாலே வெடிமருந்துப் புகை பேய் வேகத்தில் வரும். குழலின் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாக அதில் கொஞ்சம் திரும்பி வந்து ஒரு பிஸ்டனை இடிக்கும். பிஸ்டன் பின்னால் தள்ளும், காலித் தோட்டா வெளியே குதிக்கும், புதுசு உள்ளே போகும். எவ்வளவு புகை பிஸ்டனுக்கு, எவ்வளவு வெளியே என்பதற்குத்தான் அந்த வளையம். புகை குறைந்தால் காலித் தோட்டா சிக்கிக் கொள்ளும். அதிகமானால் துப்பாக்கி தன்னையே அடித்துக் கொள்ளும், உங்கள் தோளையும் சேர்த்து.

"முழுசா தொறந்து வச்சு ஒத்த தோட்டா போட்டுச் சுடணும். வெளிய எறியலையா? ஒரு படி மூடு. மறுபடி சுடு. எங்க ஒழுங்கா எறியுதோ அங்க நிறுத்திட்டு, இன்னும் ரெண்டு படி மூடணும்."

"அது எதுக்கு ரெண்டு படி?"

"சேறு, மழை, அழுக்கு. சண்டைல எவன்டா துடைச்சுக்கிட்டு இருப்பான்?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் எஸ்.எல்.ஆர். பழக்கம் உண்டு. காலேஜில் என்.சி.சி., கேம்ப்பில் ஐந்தே குண்டு. முதல் நாள் வகுப்பில் 'கோல்னா ஜோட்னா', அதாவது கழற்றி மாட்டுவது. நான் கேஸ் பிளக்கைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அப்படி மாட்டினால் புகை பிஸ்டனுக்கே போகாது. துப்பாக்கி முனையில் கிரனேட் வைத்து எய்வதற்கான ஏற்பாடு அது. மறுநாள் அதே துப்பாக்கி என் கைக்கே வந்தது. எல்லோரும் டப் டப் என்று ஐந்தையும் முடித்து எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு குண்டுக்கும் இடது பக்கக் கைப்பிடியை இழுத்துக் கொண்டு கிடந்தேன். பழுது என்று சொல்லத் தெரியவில்லை. செல்ஃப் லோடிங் என்றால் செல்ஃபாகத்தான் லோடு செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் உஸ்தாத் சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது.

இதைக் கேட்டுப் பெரியப்பா சிரித்த சிரிப்பில் திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

வீடியோவில் அடுத்த கட்டம். குறி சரி பார்த்தல். அட்டையில் குண்டுகள் உச்சியில் விழுந்திருந்தன. "இப்ப முன்னாடி இருக்கிற குறியை மேல ஏத்துவானா, கீழ எறக்குவானா?" என்றார்.

"எறக்குவான்."

"போடா. ஏத்தணும். முன்குறி ஒசந்தா அதப் பின்குறியோட சேர்க்க நீ குழல் மூஞ்சியத் தாழ்த்துவ. குண்டு கீழ வரும்."

அமெரிக்கர் ஏற்றினார். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"இவன் இத வீட்லயே வச்சிருக்கானா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெளிநாட்டு ராணுவங்கள் கழித்துவிட்ட இந்த மாதிரித் துப்பாக்கிகளை முழுசாக இறக்குமதி செய்ய அங்கே தடை. அதனால் பாடியை வெட்டித் துண்டாக்கிவிட்டு மற்ற பாகங்களை மட்டும் பெட்டியில் போட்டு விற்பார்கள். உள்ளூரில் செய்த புது பாடியில் இவர்கள் பூட்டிக் கொள்வார்கள். நாலு துப்பாக்கியின் உறுப்புகள் ஒன்றாகச் சேர்வதால்தான் இத்தனை திருகல். நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கி தடை செய்யப்பட்ட ரகம். பொதுஜனத்துக்கு லைசென்ஸில் பாயிண்ட் 315 மாதிரி ரகங்கள்தான். அதிலும் ஆளுக்கு 3 என்று இருந்ததை 2019 திருத்தம் 2 ஆக்கிவிட்டது. இன்சாஸ் வந்த பிறகு ராணுவம் கழித்த எஸ்.எல்.ஆர். போலீஸ் தோளுக்குப் போனது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பட் நம்பர் 47" என்றார். "கடைசி நாள் கோத்துல ஒப்படைச்சேன். சிந்தி போட்டு, எண்ணெய் விட்டு, கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன். அவன் நம்பரப் பார்த்தான், கையெழுத்து வாங்கினான், அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டான்."

கோத் என்பது ஆயுத அறை, சிந்தி என்பது துடைக்கிற துணி. மற்றதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

பெரியம்மா காபி கொண்டு வந்தார். "இதுக்கு அழுத அழுகைல பாதி என் தம்பி கல்யாணத்துக்கு வராம போனதுக்கு அழுதிருந்தா நல்லாருந்திருக்கும்."

சாயந்திரம் பந்தலுக்கு மருந்தடிக்க வேண்டும். பவர் ஸ்ப்ரேயரைப் புதிதாகப் பழுது பார்த்து வாங்கி வந்திருந்தார்கள். முதலில் வெறும் தண்ணீர் விட்டுப் பார்ப்பது வழக்கம். பிரஷர் திருகு என் கையில், துப்பும் துப்பாக்கி அவர் கையில். அதற்கும் 'கன்' என்றுதான் பெயர். மோட்டார் கொடுக்கிற அழுத்தத்தில் தேவைக்கு மிஞ்சியது இன்னொரு குழாய் வழியாக டிரம்முக்கே திரும்பிவிடும்.

"முழுசா தொற" என்றார். திறந்தேன். ஒழுகியது. "ஒரு படி மூடு." மூடினேன். மூத்திரம் மாதிரி வந்தது. "இன்னொண்ணு." இப்போது பனிப்புகை மாதிரி இலைமேல் படிந்தது. இன்ஜின் சத்தம் அவருக்கு இடது பக்கம், அதனால் கேட்டுக் கணிக்க முடியாது. ஹோஸின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக் கொண்டு நின்றார்.

"சரியா இருக்கு பெரியப்பா, நிறுத்திரவா?"

அது இடது காதுப் பக்கம். கேட்கவில்லை. சுற்றி வந்து வலது பக்கம் நின்று மறுபடி கத்தினேன்.

"கடைசிப் பந்தலுக்கு ஹோஸ் போகப் போகப் பிரஷர் விழும்டா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இன்னும் ரெண்டு படி."