மஞ்சள் பையும் பதினான்கு இலக்கமும்

பணியிட மாற்றத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம், படுக்கை, புத்தகம் எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டு, ஒரே ஒரு பையை மட்டும் கையோடு எடுத்துக்கொள்வார்கள். அதில் மருந்துச் சீட்டுகளும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் எக்ஸ்ரே படங்களும் இருக்கும். மாணவர்களே, உங்களுள் சிலர் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே தொடர்வண்டியில் வந்திருப்பீர்கள்.

என் தாயாருடையது மஞ்சள் பை. ஏதோ ஒரு திருமணத்தில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விருதுநகர் மாவட்டத்திலிருந்து போபாலுக்கு என்னுடன் தங்க வந்தபோது அதை வீட்டிலேயே மறந்துவிட்டார். வந்த வாரமே சளிக்காய்ச்சல் முற்றி, நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. "இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டார். முன்பு ஒரு முறை ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்ததென்றும், அதன் பெயரை மருத்துவர் எழுதிக் கொடுத்தாரென்றும், சீட்டு பையில் இருப்பதாகவும் அம்மா சொன்னார். பையோ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பக்கத்து வீட்டாரை எழுப்பிப் பூட்டைத் திறக்கச் செய்து, சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்வதற்குள் ஒன்றரை மணி நேரம் கடந்துவிட்டது. அதில் எழுதியிருந்த சொல் 'பென்சிலின்'. மருத்துவர் போடுவதற்கு எடுத்து வைத்திருந்ததும் அந்த இனத்தைச் சேர்ந்த ஊசியே.

நோயாளியின் குறிப்பு நோயாளியோடு செல்ல வேண்டும் என்று நான் வாதிடுவது அந்த இரவை நினைத்துத்தான். சட்டம் இதை முன்பே ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் தம் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆனால் மூச்சுத் திணறுபவருக்கு 72 மணி நேரம் என்பது மிக நீண்ட காலம்.

மின்னணு உடல்நலப் பதிவேடுகளுக்கான தரவரையறையை நடுவண் அரசு 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்டது. இதில் சேர்பவருக்கு 'ஆபா' என்னும் பதினான்கு இலக்க எண் கிடைக்கிறது. எல்லாருடைய நோய்க் குறிப்புகளும் ஒரே கிடங்கில் குவிக்கப்படும் என்று பலர் அஞ்சுகின்றனர், அமைப்பு அவ்வாறானதன்று. குறிப்பு எந்த மருத்துவமனையில் எழுதப்பட்டதோ அங்கேயே இருக்கும். வேறொரு மருத்துவர் பார்க்க விரும்பினால், எதைப் பார்க்கலாம், எத்தனை நாள் பார்க்கலாம் என்று நோயாளி ஒப்புதல் தரவேண்டும். தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் இயலும்.

எழுத்தில் இது நன்றாகவே இருக்கிறது. நடைமுறையில் நான் காண்பது வேறு. வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் முதியவரிடம் பதிவு எழுத்தர், "கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறார். முதியவர் சொல்லிவிட்டு நகர்கிறார். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதை அவர் அறியார். திரையில் வந்த விளக்கம் அவர் படிக்கத் தெரிந்த மொழியிலும் இல்லை. இதனை ஒப்புதல் என்று அழைக்க என் மனம் இடந்தரவில்லை.

மருத்துவர்களின் மனக்குறையும் பொய்யன்று. நான் செல்லும் சிறு மருத்துவகத்தில் ஒரே மருத்துவர், உதவிக்கு ஒரே பெண். மாலை வேளையில் நாற்காலி கிடைக்காமல் வாசல்வரை மக்கள் நிற்பார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தால் நோயாளியின் முகத்தை எப்போது பார்ப்பார்? (அவருடைய கையெழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரர் ஒருவரால்தான் முடியும் என்பது வேறு செய்தி.) எனவே எல்லாவற்றையும் முதல் நாளே கணினியில் ஏற்றச் சொல்வது வீண். ஒத்துக்கொள்ளாத மருந்து, நாள்தோறும் உண்ணும் மருந்து, நீண்டகால நோய், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை ஆகிய நான்கை மட்டும் முதலில் பதிந்தால் போதும். இவற்றை உதவியாளரே கேட்டுப் பதியலாம். மருத்துவர் ஒருமுறை சரிபார்த்தால் போதுமானது.

கணினியை மட்டும் நம்பவும் கூடாது. 2022 நவம்பரில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. பதிவு முதல் பரிசோதனை முடிவுவரை பல நாட்கள் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், கடவுச்சொல்லை மேசை விளிம்பில் எழுதி ஒட்டி வைத்திருக்கும் மருத்துவகங்களின் பாதுகாப்பை எண்ணிப் பாருங்கள். காகிதப் படி ஒன்று நோயாளியிடம் இருப்பதே நல்லது என்பேன்.

அம்மா இப்போதும் மஞ்சள் பையோடுதான் பயணம் செய்கிறார். அதில் ஆபா எண் அச்சிட்ட அட்டையும் சேர்ந்திருக்கிறது. ஊரில் அவரைப் பார்க்கும் மருத்துவர் இன்னும் தாளிலேயே எழுதுகிறார். அந்த எண்ணைத் தட்டினால் பென்சிலினைப் பற்றி ஒரு வரியும் வராது. ஆகவே அட்டையின் பின்புறம் அச்சொல்லைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சிவப்பு மையால் நானே எழுதி வைத்திருக்கிறேன்.