கரண்டி மட்டும் கைக்கு வராது

வீடு கட்டுகிற யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், கூலிக் கணக்கு ஒரே மூச்சில் வந்துவிடும். எங்கள் தெருவில் மாடி எடுக்கிற மேஸ்திரி சொன்னது இது: கொத்தனாருக்கு 1,200 ரூபாய், பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 600. பெரியாள் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண். அதற்குமேல் விளக்கம் கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இருந்தாலும் கேட்டேன். "பொம்பளைங்களால கனம் தூக்க முடியாதுங்களே" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் ஓர் அம்மா சும்மாட்டின் மேல் கலவைச் சட்டியோடு, கைப்பிடி வைக்காத படியில் இரண்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

காலையில் முதலில் வருவதும் அந்த அம்மாதான். நேற்றுப் பூசிய சுவருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், எம்-சாண்ட் சலிக்க வேண்டும், செங்கல்லை நனைத்து வைக்க வேண்டும். பத்தரை மணிக்குத் தூக்குவாளியோடு டீக்கடைக்குப் போவதும், சாயங்காலம் கொத்தனாரின் கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவி வைப்பதும் அவர் பாடு. இதில் எது அரைக்கூலி வேலை? எனக்கு விளங்கவில்லை.

சட்டம் இல்லாமலா போயிற்று? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 7 ரூபாய்தான் கொடுக்கிறார்கள், மீதியை ஆள் கூட்டிவரும் ஜமேதார்கள் விழுங்குகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலியே 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் செய்த தப்பு என்று அரசு கை கழுவ முடியாது என்றார் நீதிபதி பகவதி. அந்தச் சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. எல்லாம் சரிதான். எங்கள் தெருவில் 600 ரூபாய் 600 ரூபாயாகவே இருக்கிறது.

சூட்சுமம் வேறு எங்கேயோ இல்லை. ஒரே வேலைக்கு, அல்லது அதே தன்மையுள்ள வேலைக்கு, ஒரே கூலி என்கிறது சட்டம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அப்படியானால் ஒத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதுமே! கரண்டியை அந்த அம்மா கையில் கொடுக்காத வரைக்கும் கொத்தனார் வேலை வேறு, சித்தாள் வேலை வேறு. யாரும் சட்டத்தை மீறவில்லை. என்ன ஒரு சாமர்த்தியம்!

பையன் ஒருத்தன் பதினெட்டு வயதில் கலவை போட வருகிறான். ஆறு மாதத்தில் "டேய், இந்த மூலையை நீ பூசுடா" என்கிறார் கொத்தனார். நாலைந்து வருடத்தில் அவனும் கொத்தனார். அவனுக்குக் கலவைப் பதம் சொல்லிக்கொடுத்த அம்மா ரிட்டயர் ஆகும்வரை சித்தாள். ரிட்டயர்மென்ட் என்று ஒன்று அவருக்கு இருந்தால்தானே, அது வேறு கதை. வேலை தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஒருநாள் அந்த அம்மா ஜன்னலோரச் சுவரைக் கீழே நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, மேல கொஞ்சம் வெளிய தள்ளுது" என்றார். கொத்தனார் அலட்சியமாகத்தான் தூக்குக்குண்டை விட்டார். விட்டதும் முகம் மாறிவிட்டது. இரண்டு வரிசைக் கல்லைப் பிரித்து மறுபடி கட்டினார். கூலி கொடுக்கும்போது அந்தக் கண்ணுக்கு ஒரு பைசா உண்டா?

இப்போது அந்தச் சட்டிக்கும் ஆபத்து. ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, குழாய் போட்டுக் கலவையை மாடிக்கு ஏற்றுகிறார்கள். இருபது பெண்கள் வரிசையில் நின்று சட்டி கைமாற்றிய கான்கிரீட் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. மெஷினை இயக்குகிறவர் யார்? நான் பார்த்தவரையில் ஆண்தான். சுமை குறைந்தது நல்லது. ஆனால் சுமையோடு கூலியும் போகிறது, விசையைப் பிடிக்கக் கற்றுத்தர ஆளில்லை.

பெண்கள் கொத்து வேலை செய்ததே இல்லையா என்றால், ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்டக் கொத்தனார் போதவில்லை என்று கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ராணி மிஸ்திரி என்று பெயர் பெற்ற அவர்கள் கட்டிய கழிப்பறைகள் ஊர் ஊராக நிற்கின்றன. ஆள் கிடைக்காதபோது மட்டும் பெண்ணுக்குத் திறமை வந்துவிடுகிறது! இங்கேயும் பயிற்சிக்குக் குறைச்சல் இல்லை. சான்றிதழோடு வருகிற பெண்ணுக்கு முதல் சுவரை எந்த மேஸ்திரி தருவார் என்பதுதான் கேள்வி.

எங்கள் மேஸ்திரியிடமே கேட்டுவிட்டேன். "குளியலறை உள்பூச்சையாவது அந்த அம்மா செய்யட்டுமே. கோணல்மாணலாக இருந்தாலும் டைல்ஸ்தானே ஒட்டப் போகிறோம்?"

தலையைச் சொறிந்தார். "செய்யும் சார், அதெல்லாம் நல்லாவே செய்யும். ஒருநாள் பூசிட்டா மறுநாளே கொத்தனார் கூலி கேக்குமே?"

"கேட்டால் கொடுங்கள்."

"சதுர அடிக்குப் பேசின ரேட்டு எனக்குக் கட்டாதுங்க" என்று சொல்லிவிட்டு, கலவை இறுகுகிறது என்று மாடிப்பக்கம் நழுவினார்.