ஹைதராபாத் டூர் பிளானா? வெள்ளிக்கிழமையில் மட்டும் கவனம்!

வியாழன் இரவு ரயில் ஏறினால் வெள்ளி காலை ஹைதராபாத். இரண்டு நாள் சுற்றிவிட்டு ஞாயிறு வீடு திரும்பலாம். ஒரே ஒரு நாள் லீவு போட்டால் போதும் என்பது சென்னைக் குடும்பங்கள் பலவும் போடும் கணக்கு. ஆனால், இறங்கியதும் நேராக சார்மினாருக்கு ஆட்டோ பிடித்தால் ஏமாற்றம்தான். அருகில் உள்ள சாலர் ஜங் மியூசியம், சௌமஹல்லா அரண்மனை இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. போதாக்குறைக்கு, மெக்கா மசூதியில் ஜும்ஆ தொழுகை நடப்பதால் மதியம் அந்தப் பகுதியே நிரம்பி வழியும்.

இதற்கு வழி? வெள்ளியை கோல்கொண்டாவுக்கு ஒதுக்கிவிட்டு, சனிக்கிழமை பழைய நகரத்துக்குப் போங்கள்.

வெள்ளி: கை தட்டும் கோட்டை

கோல்கொண்டாவின் நுழைவாயில் குவிமாடத்தின் கீழ் நின்று கை தட்டினால், மலை உச்சியில் உள்ள மண்டபம் வரை கேட்கும். ஆபத்து வந்தால் மேலே தகவல் சொல்ல அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு இது. படிகள் அதிகம் என்பதால் வெயில் ஏறும் முன் கிளம்புவது நல்லது. மூட்டுவலி உள்ள தாத்தா, பாட்டி ஏற வேண்டாம். கீழே நின்று கை தட்டும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டால், மேலே பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

சனி: சார்மினாரைச் சுற்றி

காலை டிபன் தள்ளுவண்டியில். தோசைக்கல்லிலேயே உப்புமாவைப் பரப்பி, காரப்பொடி தூவி, மேலே வெண்ணெய்க் கட்டியைப் போட்டுத் தேய்ப்பார்கள். 'தோசைக்குள் உப்புமாவா?' என்று முகம் சுளிப்பவர்கள்கூட இரண்டாவது தோசை கேட்பார்கள்.

1591-ல் முகம்மது குலி குதுப் ஷா கட்டிய சார்மினாரைப் பார்த்துவிட்டு, 12 மணிக்குள் சாலர் ஜங் போய்விடுங்கள். அங்கே ஒரு பெரிய கடிகாரம். மணிக்கொரு முறை குட்டி பொம்மை ஒன்று வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போகும். 12 முறை அடிக்கும் நண்பகலில்தான் கூட்டம் அதிகம்.

மதியம் பிரியாணி. பச்சை இறைச்சியில் மசாலா தடவி ஊறவைத்து, அரைவேக்காட்டு அரிசியோடு தம் போடுவதுதான் ஹைதராபாத் பாணி. தொட்டுக்கொள்ள மிளகாய் சாலன் வரும்.

பிறகு சௌமஹல்லா. தர்பார் மண்டபத்தின் சரவிளக்குகளையும் நிஜாம் காலத்து கார்களையும் பார்க்கவே இரண்டு மணி நேரம் ஆகும். மாலையில் லாட் பஜாரில் அரக்கு வளையல். முதல் கடையிலேயே வாங்காமல் நாலு கடை ஏறி இறங்கி பேரம் பேசுங்கள்.

கால் வலிக்கிறதா? இரானி சாய்க் கடையில் உட்காருங்கள். பாலையும் டிகாஷனையும் தனித்தனியே சுண்டக் காய்ச்சி, கோப்பையில் கலந்து தருவார்கள். கூடவே உப்பும் இனிப்புமான உஸ்மானியா பிஸ்கட். கடைசி நிஜாம் உஸ்மான் அலி கான் பெயரைத் தாங்கியது.

ஊருக்கு வளையலும் பிஸ்கட்டும் வாங்கியாச்சா? இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். வீடு வந்து சேரும்போது பிஸ்கட் தூளாகியிருக்கும்!