பூசணிக் கொடியில் வெள்ளைத் தூள்: கந்தகம் தூவலாமா?

கேள்வி: ‘ஓணத்துக்குக் காய் விற்கலாம் என்று வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் பூசணி போட்டேன். இலையெல்லாம் மாவு தூவியதுபோல் வெளுத்துவிட்டது. கைவசம் இருக்கும் கந்தகத்தூளைத் தூவலாமா?’
- வாசகி, புளியறை.

பதில்: தூவ வேண்டாம். கந்தகத்தூளும் தாமிர மருந்தும் பூசணிக் குடும்பக் கொடிகளுக்கு ஆகாது. இலை கருகிவிடும் என்பதால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது.

இது சாம்பல் நோய். இந்தப் பூஞ்சணம் முளைக்க இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காற்றின் ஈரமே போதும். அதனால்தான் சாரல் ஓய்ந்த நாட்களிலும், நெருக்கமான நிழலிலும் பரவுகிறது. இலையின் மேலே மஞ்சள் புள்ளியும் அடியில் சாம்பல் பூப்பும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். அதற்கு வைத்தியம் வேறு.

அதிகம் வெளுத்த அடியிலைகளை மட்டும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். எல்லாவற்றையும் கிள்ளினால் காய் வெயிலில் வெந்துபோகும். பிறகு 1 லிட்டர் பாலுடன் 9 லிட்டர் தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். சுக்கினி பூசணியில் இது பலன் தருவதை 1999-ல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வு காட்டியது. மழை பெய்து கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும்.

வெளுத்த இலை மீண்டும் பச்சையாகாது. புதுத் தளிர் சுத்தமாக வந்தால் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கொடி முழுக்கப் பரவியிருந்தால் பால் மட்டும் போதாது. இலையைத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி, எந்த மருந்து, தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.