சாட்டைக்கு முன்னால் ஒரு கற்பூரம்

கம்மாபுரம் வட்டாரப் பார்வையாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகம், தமிழ்ப்படத் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், கதை எழுதுகிறவர்கள், தொலைக்காட்சி, ஓடிடி நிறுவனத்தார், தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழா என்றால் பாரதக் கூத்து உண்டு. துகிலுரிதல் அன்றைக்கு நடுச்சாமம் தாண்டித்தான் துச்சாதனன் சபைக்கு வருவான். கூந்தலில் கை வைப்பதற்கு முன் அந்த வேஷக்காரர் நின்றுவிடுவார். தட்டில் கற்பூரம் எரியும். இது வேஷம், பொறுத்துக்கொள் தாயே என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முடியைப் பிடிப்பார். பார்க்கிற பெண்கள் அழுவார்கள், சிலருக்குச் சாமி வரும். விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். இழுத்தவரும் இழுபட்டவரும் ஒரே கண்ணாடியில் முகம் பார்த்து அரிதாரம் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கற்பூரத்தைத்தான் நாங்கள் சினிமாவில் தேடுகிறோம்.

நாங்கள் என்றால் ஐ.டி.ஐ. படிக்கிற பையன்கள், நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியைகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர், இதை எழுதும் நான். வாரக் கடைசியில் படம் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிற கூட்டம். இந்தச் சாசனத்துக்கு விதை போட்டவர் செவிலியரம்மாதான். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அவரிடம் வந்து சொன்னாளாம்: "படத்துல பாத்துட்டு வந்து கைய கட்டுனாருக்கா. அதுகூடப் பரவால்ல. வேணாம்னு சொன்னேன், அத கேக்கலக்கா." அவள் ஊரும் பேரும் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவள் பிரித்த பிரிப்பு மட்டும் எங்களுக்குப் போதும். கயிறு வேறு, கேட்காதது வேறு. எங்கள் சினிமா ஐம்பது வருஷமாக இதைப் பிரிக்கத் தெரியாமல் நிற்கிறது.

பி.டி.எஸ்.எம். என்று ஆங்கில எழுத்துகளால் சொல்லப்படுவது கட்டுவது, கட்டுப்படுவது, ஆள்வது, அடங்குவது, வலி கொடுப்பது, வாங்குவது எல்லாம் சேர்ந்த ஒரு காம விளையாட்டு. வயது வந்தவர்கள் முன்கூட்டியே பேசி, எது ஆகும் எது ஆகாது என்று எல்லை போட்டு ஆடுவது. நடுவில் ஒரு சொல்லைச் சொன்னால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிட வேண்டும் என்பது இதில் முதல் விதி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் முன்பு இதுவும் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆவது பதிப்பில், இருவரும் ஒப்பிச் செய்வதை நோய் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒப்பாதவர் மேல் திணிக்கும் கொடூரத்தை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். மருத்துவர்கள் போட்ட கோடும் அந்தப் பெண் போட்ட கோடும் ஒன்றுதான்.

இனி நம் படங்கள். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'வேட்டையாடு விளையாடு' (2006), 'நடுநிசி நாய்கள்' (2011) என்று ஒரு வரிசை உண்டு. வழக்கத்துக்கு மாறான காமம் வந்தால் பின்னாலேயே பிணம் வரும். முதல் படம் நல்ல படம், எங்களில் பாதிப் பேருக்கு அதன் இசை மனப்பாடம். ஆனால் இந்த வரிசையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, படுக்கையறையில் கயிறு என்றாலே 'சைக்கோ'. தனக்குள் அப்படி ஓர் ஆசை இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவரிடம்கூட வாய் திறக்க மாட்டான்.

இன்னொரு வரிசை இதைவிட மோசம், ஏனென்றால் அதில் அடிக்கிறவன் கதாநாயகன். 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில் பட்டணத்துப் பெண்டாட்டியைத் திருத்தச் சாட்டை வருகிறது. 'மன்னன்' (1992) படத்தில் திமிர் பிடித்த முதலாளியம்மாவை அடக்குவதே கதை. இவற்றை யாரும் பி.டி.எஸ்.எம். என்று சொல்வதில்லை, குடும்பப் படம் என்கிறார்கள். ஆள்வதும் அடங்குவதும் வலியும் எல்லாம் இருக்கிறது. கேட்பது மட்டும் இல்லை. 2023-இல் வந்த 'அனிமல்' இந்திப் படம் தமிழிலும் பேசியது. அன்பை நிரூபிக்க என் ஷூவை நக்கு என்று நாயகன் ஒருத்தியிடம் சொல்லும் காட்சி அதில் உண்டு. படத்துக்கு 'ஏ' சான்றிதழ்தான். ஆனால் அந்தத் துண்டு எங்கள் ஊர் சலூனில் ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் ஓடியது. "மாஸ்டா மச்சான்" என்றான் பக்கத்தில் இருந்தவன். முடி வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் கத்தரியை நிறுத்திவிட்டு, "ஏன்டா, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை.

ஒரு படம் பார்த்து ஒருவன் கெட்டுப்போவான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படியானால் எங்கள் ஊரில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம். வேறு யாரும் சொல்லித் தராத விஷயத்தில் படமே வாத்தியார் ஆகிவிடுகிறது, அதுதான் சங்கடம். வீட்டில் பேச மாட்டார்கள். பள்ளியில் இனப்பெருக்கப் பாடத்தை, வீட்டில் படித்துக்கொள் என்று தாண்டுவார்கள்.

ஆகவே கேட்கிறோம்.

தணிக்கை வாரியத்துக்கு. உங்கள் 1991 வழிகாட்டு நெறிகள் 'பாலியல் வக்கிரம்' காட்டும் காட்சிகளைத் தவிர்க்கவும், கதைக்குத் தேவையென்றால் குறைக்கவும் சொல்கின்றன. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளுக்கும் தடை சொல்கின்றன. நடந்தது என்ன? 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' படத்துக்கு 2015-இல் சான்றிதழ் மறுத்தீர்கள். அது உத்தமமான படம் என்று வாதாட வரவில்லை. மூல நாவலில் அவளுடைய கைப்பேசியை வைத்து இருப்பிடம் கண்டுபிடித்துப் பின்னாலேயே வருகிறான் நாயகன்; இந்த விளையாட்டைத் தெரிந்தவர்களே அதை ஏற்கவில்லை. ஆனால் அதிலாவது ஓர் ஒப்பந்தக் காகிதம் மேசைமேல் கிடக்கிறது. மறுக்கிற பெண்ணை விடாமல் துரத்தி, அறைந்து, கடைசியில் தாலி கட்டுகிற படங்களை நாங்கள் பாப்கார்னோடு குடும்பமாகப் பார்த்திருக்கிறோம். எது வழக்கத்துக்கு மாறானது என்று தேடுவதை விட்டுவிட்டு, யார் ஒப்பினார், யார் ஒப்பவில்லை என்று பாருங்கள். 2023 திருத்தச் சட்டத்துக்குப் பின் 7, 13, 16 என்று வயதுப் படிகள் வந்துவிட்டன. மறுப்பை மீறுவதைக் காதலாகக் காட்டும் படம் 16-க்குக் கீழே இறங்கக் கூடாது. எச்சரிக்கை வரி மட்டும் போட்டுவிடாதீர்கள். புகைக்குப் போடும் வரியைப் படித்துப் பீடியை அணைத்த ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

இயக்குநர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும். கயிறும் சாட்டையும் கதைக்கு வேண்டுமென்றால் வரட்டும். அதற்கு முன் கேட்பதையும், நிறுத்து என்றதும் நிற்பதையும், பிறகு ஒருவரை ஒருவர் ஆற்றித் தேற்றுவதையும் காட்டுங்கள். அது காட்சியைக் கெடுக்கும் என்பவர்கள் ஒருமுறை எங்கள் துகிலுரிதலைப் பார்க்க வரட்டும். கற்பூரம் எரிந்தபின்தான் சபை இன்னும் கெட்டியாக மூச்சைப் பிடிக்கிறது. கழுத்தை நெரிப்பதை மோகமாகக் காட்டுவதை மட்டும் அடியோடு விடுங்கள். கழுத்து நாளம் அமுங்கினால் சில நொடிகளில் நினைவு தப்பும். வெளியே தடம் இல்லாமலே உள்ளே காயம் பட்டு, நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். இருவரும் ஒப்பினாலும் இதில் பத்திரமான முறை கிடையாது.

காமசூத்திரம் எழுதிய வாத்ஸ்யாயனரே இதில் நம் படங்களைவிட ஜாக்கிரதையானவர். நகக்குறி, பற்குறி, அடி என்று விவரமாக எழுதிவிட்டு, ஆபத்தான அடிகளைக் கண்டிக்கிறார். உதாரணமாக, சோழ அரசன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை அப்படி அடித்துக் கொன்றதைச் சொல்கிறார். சோழர் ஆண்ட மண்ணுக்காரர்கள் நாங்கள், இந்தப் பெருமையை யாரும் பேனரில் போடுவதில்லை.

படப்பிடிப்புத் தளத்துக்கும் இதே விதிதான். 'புன்னகை மன்னன்' (1986) முத்தக் காட்சி பற்றித் தன்னிடம் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று நடிகை ரேகா பல வருஷம் கழித்துப் பேட்டிகளில் சொன்னார். நெருக்கமான காட்சி ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும், நடிக்கிறவர் படித்து ஒப்ப வேண்டும், அதைக் கவனிக்கத் தனி ஆள் தளத்தில் நிற்க வேண்டும். சண்டைக் காட்சிக்கு மாஸ்டர் உண்டு, இதற்கு மட்டும் ஏன் கிடையாது?

செய்தித் தொலைக்காட்சிகளுக்கு. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெடித்தபோது ஒரு பெண் அழுது கெஞ்சும் ஒலி மாநிலம் முழுவதும் கைப்பேசிகளில் சுற்றியது. டீக்கடையில் ஸ்பீக்கரில் கேட்டவர்கள் நாங்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆனால் அந்த அழுகையை இன்னும் யார் யார் கைப்பேசியில் வைத்திருக்கிறார்களோ. பாதிக்கப்பட்டவரின் குரலையும் உருவத்தையும் எந்த வடிவிலும் ஒளிபரப்பாதீர்கள். குற்றம் நடந்தால் குற்றம் என்று எழுதுங்கள். 'சைக்கோ', 'சேடிஸ்ட்' என்று தலைப்புப் போட்டு, செய்தவன் ஏதோ வேற்றுக்கிரகத்தான் என்று காட்டாதீர்கள். அவன் பக்கத்துத் தெருவில் இருந்தவன்.

அரசுத் துறைகளுக்குச் சுருக்கமாக: ஒன்பதாம் வகுப்பிலிருந்து சம்மதம் என்றால் என்ன என்று தமிழில் ஒரு பாடம் வேண்டும், அதைத் தாண்டிப் போகாத ஆசிரியர் வேண்டும். கிராம சுகாதார செவிலியர்களுக்கு இதைக் கேட்கவும் பேசவும் பயிற்சி வேண்டும். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று எங்கள் செவிலியரம்மாவுக்கே அன்றைக்குத் தெரியவில்லை. பெண்களுக்கான 181 உதவி எண் நினைவுக்கு வந்ததே மறுநாள்தான். மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால் கணவன் செய்வது பாலியல் வன்புணர்வு ஆகாது என்ற விலக்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அதை நீக்கக் கேட்கிறோம். அதுவரை, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும் என்பதைக் கல்யாணப் பதிவு அலுவலகச் சுவரிலாவது எழுதி வையுங்கள்.

எங்கள் பங்குக்கு ஒன்று. கதாநாயகன் அறையும்போது இனி விசில் அடிப்பதில்லை என்று எழுதியபோது பையன்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். முதல் நாள் முதல் காட்சியில் கை தானாக வாய்க்குப் போய்விடும் என்றார்கள். முயற்சி செய்கிறோம் என்று மாற்றியபின் போட்டார்கள்.

இதன் நகல்கள் பதிவுத் தபாலில் வருகின்றன. பதில் தமிழில் தரவும். செவிலியரம்மா வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.