19 டாலர் 8 சென்ட்

கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது நாம் என்ன எழுதுவோம்? 51, 101, 501 என்று ஒற்றை ரூபாய் சேர்த்துத்தானே! அங்கே யாராவது ஒரு மாமி வந்து, “19 ரூபாய் 8 பைசா என்று எழுதிக்கொள்ளப்பா” என்றால், “இதென்ன கணக்கு?” என்று நீங்கள் கேட்காமல் இருப்பீர்களா?

2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு தேர்தல் நிதிக்கு இப்படித்தான் பணம் வந்து குவிந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், ஊர் ஊராக, 19 டாலர் 8 சென்ட் என்றே அனுப்பினார்கள். கமலா ஹாரிஸ் உப ஜனாதிபதி பதவிக்கு அபேட்சகர் என்று அறிவித்திருந்த சமயம் அது. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமே! நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி. வி. கோபாலனின் பேத்தி, சியாமளாவின் பெண். 2021 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை அந்தப் பதவியில் இருந்தார்.

தொகையின் ரகசியம் இதுதான். வாஷிங்டனில் ஹோவர்ட் சர்வகலாசாலையில் படித்தபோது, 1986-ல், கமலா ஒரு மாணவிகள் சங்கத்தில் சேர்ந்தார். அதன் பெயர் ஆல்பா காப்பா ஆல்பா. அந்தச் சங்கம் பிறந்த வருஷம் 1908. ‘நம் சகோதரி நிற்கிறாள், நாமும் கூட நிற்கிறோம்’ என்பதைத்தான் அந்தப் பெண்கள் டாலரிலும் சென்டிலும் எழுதினார்கள். காலேஜை விட்டுப் பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவர்களில் உண்டு!

நமக்கெல்லாம் காலேஜ் சிநேகிதம் எத்தனை நாள் நீடிக்கிறது, சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை வரையில், மிஞ்சிப்போனால் முதல் குழந்தையின் ஆண்டு நிறைவு வரையில். அவர்களுக்கு மட்டும் இது எப்படிச் சாத்தியமாயிற்று?

அமெரிக்கக் கலாசாலைகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்துக்கொண்ட சங்கங்கள் நெடுங்காலமாக உண்டு. முதலாவது 1776-ல் வர்ஜீனியாவில் தோன்றியது. ஆண்கள் சேர்ந்தால் சகோதர சங்கம். பெண்கள் சேர்ந்தால் சகோதரி சங்கம். ஒவ்வொரு காலேஜிலும் ஒரு கிளை. ஆனால் வெள்ளைக்காரப் பெண்களின் சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கு அப்போது இடம் ஏது? ஆகவே 1908-ல், எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி முன்னின்று அழைக்க, ஹோவர்டில் 9 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். அடிமைத்தனம் ஒழிந்து 43 வருஷங்களே ஆகியிருந்த காலம் அது.

நாலே வருஷத்தில் வீட்டுக்குள் சண்டை வந்துவிட்டது! 1912-ல் படித்துக்கொண்டிருந்த 22 மாணவிகள், “பெயரை மாற்ற வேண்டும், வர்ணத்தை மாற்ற வேண்டும், நோக்கத்தையே விரிவாக்க வேண்டும்” என்றார்கள். நெல்லி குவாண்டர் என்ற பெண் அந்த வருஷந்தான் பட்டம் பெற்று வெளியேறியிருந்தார். “நம் படிப்புத்தான் முடிந்துவிட்டதே, சின்னப் பெண்கள் எப்படியோ செய்துகொள்ளட்டும்” என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒத்த கருத்துள்ளவர்களைத் திரட்டி, 1913 ஜனவரி 29-ந் தேதி சங்கத்தைச் சட்டப்படி ரிஜிஸ்தர் செய்துவிட்டார். அதற்குள் அந்த 22 பேரும் தனிக் குடித்தனம் போய், டெல்டா சிக்மா தீட்டா என்று வேறு சங்கம் கண்டிருந்தார்கள். மார்ச் 3-ந் தேதி வாஷிங்டனில் பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டு நடந்த பெரிய ஊர்வலத்திலும் நடந்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்காதீர்கள். இரண்டு வீடும் இன்று செழிப்பாகவே இருக்கின்றன. நான் சொல்ல வந்தது வேறு. காலேஜ் சங்கம் என்பது நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஆட்கள் முழுக்க மாறிவிடுகிற வீடு. அங்கே பாட்டி இல்லை, அத்தை இல்லை. நேற்று என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. வெளியேறிய பெண்கள் திரும்பிப் பார்க்காவிட்டால் அந்த வீட்டுக்கு ஞாபகமே கிடையாது.

இதை அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் அங்கத்தினர் பதவி முடிவதில்லை. உத்தியோகமோ கல்யாணமோ எந்த ஊருக்குக் கொண்டு போனாலும், அந்த ஊரில் பட்டதாரிகளின் கிளை ஒன்று இருக்கும். அதில் சேர்ந்து சந்தா கட்டலாம். அவர்களில் ஒருவர் பக்கத்துக் காலேஜ் கிளைக்கு ஆலோசகராகப் போவார். கணக்கைப் பார்ப்பார், தப்பைச் சொல்வார். உபகாரச் சம்பளம் கொடுக்க 1980-ல் தனியாக ஓர் அறக்கட்டளையே வைத்தார்கள். கறுப்பினத்தாருக்காக ஏற்பட்ட கலாசாலைகளுக்கென்று 2019 செப்டம்பரில் ஒரே நாளில் 10 லட்சம் டாலர் திரட்டினார்கள்!

பணம் மட்டுமா? 1935-ல் இவர்கள் மிஸிஸிப்பி மாகாணத்துக்கு வைத்தியம் செய்யப் போனார்கள். சங்கத் தலைவி ஐடா ஜாக்ஸன் அந்த மாகாணத்தில் பிறந்தவர், ஆசிரியை. வைத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் வாஷிங்டன் டாக்டர் டாரதி பெரபீ. பருத்தித் தோட்ட முதலாளிகளோ, வாரத்துக்குப் பயிரிடும் ஏழைகளை வைத்தியசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். “அவர்கள் வராவிட்டால் என்ன? நாம் போவோம்” என்று மருந்துகளைத் தங்கள் சொந்தக் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள் இந்தப் பெண்கள். குழந்தைகளுக்கு அம்மை குத்தினார்கள். தொண்டை அடைப்பான் வராமல் ஊசி போட்டார்கள். 1942 வரையில், கோடை விடுமுறையை இதற்கே செலவழித்தார்கள்.

எல்லாம் பாலும் தேனும் என்று சொல்லமாட்டேன். புதிதாகச் சேருகிறவர்களை வதைக்கும் துர்வழக்கம் ஆண், பெண் இரு வகைச் சங்கங்களிலும் உண்டு. அதில் உயிர் போனதும் உண்டு. 1990-ல் கறுப்பினச் சங்கங்கள் கூடிப் பழைய சேர்க்கை முறையை ரத்து செய்தன. ஆனாலும் வதை அடியோடு ஒழிந்தபாடில்லை. “நாங்கள் படவில்லையா? அவர்களும் படட்டும்” என்கிற மூத்தவர்களே இதற்குப் பாதிக் காரணம். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்கிற கதைதான்! திரும்பிப் போவது நல்லது. ஆனால் எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

சகோதரிகளே, உங்கள் பீரோவின் அடித்தட்டில் ஒரு குரூப் போட்டோ இருக்கும். அதை எடுத்துத் துடையுங்கள். மூன்றாவது வரிசையில் சிரிக்கிறாளே, அவள் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். “எப்படி இருக்கிறாய்? எத்தனை குழந்தைகள்?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “நம் காலேஜில் இந்த வருஷம் பீஸ் கட்ட முடியாமல் எந்தப் பெண்ணாவது திண்டாடுகிறாளா, விசாரிப்போமா?” என்று கேளுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்கிறீர்களா? நீங்கள் அந்தக் காலேஜ் வாசலில் முதன்முதலாகக் கால் வைத்த வருஷம் எது? 1974-ஆ? அப்படியானால் 1,974 ரூபாய். “இதென்ன கணக்கு?” என்று அந்தப் பெண் கேட்பாள். அப்போது உங்கள் கதையைச் சொல்லுங்கள்.